இன்று எது பாக்கி?
வாசகர் கேள்வி – பதில்

சாவை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய பொழுதை முழுசாக வாழ்வது எப்படி என்று செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. தியானப் பயிற்சி தருபவர், சொத்து வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர், வலிதணிப்பு மருத்துவர் மூவரும் சேர்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 62. 'ஒருநாள் போகத்தான் போகிறோம் என்பதைத் தினமும் நினை, மனம் தெளியும்' என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். காலையில் கண்ணை மூடி அப்படி நினைத்தால் படபடப்புதான் வருகிறது. தெளிவு எங்கே வருகிறது?
– வாசகர், காரைக்குடி செக்காலை

வரிசை மாறிப்போனதுதான் காரணம். முதலில் மூச்சு, அப்புறம் உடம்பு, அதற்கும் அப்புறம்தான் சாவு நினைப்பு. நீங்கள் எடுத்த எடுப்பில் மூன்றாவதற்குப் போய்விட்டீர்கள்.

மொத்தம் 12 நிமிடம் போதும். படுக்கப் போகும் நேரத்தில் செய்ய வேண்டாம், தூக்கம் கெடும். குளித்த பிறகு, செய்தித்தாளைப் பிரிப்பதற்கு முன் செய்யுங்கள். முகப்புத் திண்ணை வேண்டாம், போகிறவர் வருகிறவர் குசலம் விசாரிப்பார்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஒரு தூணோரமாக உட்காரலாம். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தூணில் சாயக் கூடாது. சம்மணம் போட முடியாவிட்டால் நாற்காலி போதும், இரண்டு பாதமும் தரையில் படட்டும்.

முதல் 5 நிமிடம் மூக்கு நுனியில் காற்று படுகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். வெளியே போகும் மூச்சுக்கு மட்டும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தவறுவதும் திரும்புவதும்தான் பயிற்சி, தவறாமல் எண்ணிக் காட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை. அடுத்த 3 நிமிடம் உடம்பு. தரையில் அழுந்தும் எடை, கல்தரையின் குளிர்ச்சி, பக்கத்தில் கேட்கும் பாத்திரச் சத்தம். பெயர் வைக்காமல், நல்லது கெட்டது பிரிக்காமல் கேளுங்கள்.

இப்போது ஒரே ஒரு வாக்கியம்: 'இன்று மாலை வரை இருப்பேன் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.' இதை மெதுவாக மூன்று நான்கு முறை மனதில் சொல்லி 2 நிமிடம் விட்டுவிடுங்கள். இது வாக்கியமாகவே இருக்கட்டும், படமாக ஓட வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டில், அழுகிற பிள்ளைகள், ஐஸ் பெட்டி எல்லாம் ஓடத் தொடங்கினால் நீங்கள் நாளைக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். படபடப்பு வருவது அந்தப் படத்தால்தான். கண்ணைத் திறந்து, 4 எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, 6 எண்ணும் நேரம் விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கடைசி 2 நிமிடம்தான் பயிற்சியின் உயிர். 'அப்படியானால் இன்று எது பாக்கி?' என்று கேட்டு, மாலைக்குள் முடிக்கக்கூடிய ஒன்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். 'எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்' என்றெல்லாம் எழுதினால் அது எந்தக் காலத்திலும் முடியாது. 'கொழுந்தியாளுக்குப் போன் பண்ண வேண்டும்', 'கடன் வாங்கிய 2,000 ரூபாயைத் திருப்ப வேண்டும்', 'கண் டாக்டரிடம் போக வேண்டும்' என்று எழுதுங்கள். சாவு நினைப்பு ஒரு வேலையாக மாறும்போது பயம் குறைகிறது. வேலையாக மாறாத நினைப்புதான் மனதில் கிடந்து புளிக்கிறது.

தூக்கம் சொக்கினால் கண்ணைப் பாதி திறந்து எதிர்ச் சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் அதுவும் சரிதான். எழுத வேண்டியது ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைய பயிற்சி நடந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பயிற்சி நேரத்துக்கு வெளியிலும் படபடப்பு வருகிறது, இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், கட்டணம் இல்லை. நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே 108.

சொந்த ஊர் தேவகோட்டை, சென்னையில் ஐடி வேலை. 'இருப்பது ஒரு வாழ்க்கை' என்று நினைத்து வாரம் ஒரு ஊர், மாதம் ஒரு மலை என்று போகிறேன். எங்கே போனாலும் மனம் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. சாவை நினைப்பதே என்னை விரட்டுகிறதா?
– வாசகி, 29 வயது

ஆமாம், விரட்டுகிறது. சாவு நினைப்பை இரண்டு விதமாகப் பிடிக்கலாம். 'நேரம் இல்லை, எல்லாவற்றையும் பார்த்துவிடு' என்பது ஒன்று. 'நேரம் இல்லை, எதிரில் இருப்பதைப் பார்' என்பது இன்னொன்று. உங்கள் பிடி முதல் வகை. திருப்பத்தூர் பக்கத்து மகிபாலன்பட்டியைத்தான் கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்கிறார்கள். சாதல் புதிது இல்லை என்று சொன்ன கையோடு, வாழ்வது இனிது என்று துள்ளவும் இல்லை, வெறுத்துக் கசந்துகொள்ளவும் இல்லை என்றவர் அவர். அவசரம் இல்லாத சாவு நினைப்பு அது.

மலைக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிப் பாருங்கள், கவனத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கஷ்டம். ஒரு கப் நிறையப் பச்சரிசி, அதே கப்பின் மேல் கும்பாச்சியாக நிற்கும் அளவு உளுந்து. சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்து, கரண்டியிலிருந்து தடையின்றி விழும் பதத்துக்குப் பாலால் தளர்த்துங்கள். எண்ணெய் மிதமாகக் காய வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கரண்டி மாவு, ஒரு பணியாரம். மாவு அடியில் போய், மேலே எழும்பி, நடு உப்பி, ஓரம் மெல்லியதாக விரியும். ஒரே ஒரு தடவை திருப்பி, வெள்ளை மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். போனை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சிவந்திருக்கும். எண்ணெய் புகைந்தாலும் சிவக்கும், காயாமல் ஊற்றினால் எண்ணெயைக் குடித்துவிடும். நம் கவனம் எங்கே இருந்தது என்பது தட்டில் தெரிந்துவிடுகிறது. அப்புறம் வரமிளகாய்த் துவையலோடு முதல் பணியாரத்தைச் சாப்பிடும்போது படம் எடுக்காதீர்கள். இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம்.

ஐயா, அதாவது பேரனின் தாத்தா, இறந்துவிட்டார். 6 வயதுப் பேரனிடம் 'சாமிகிட்ட தூங்குறாங்க' என்று சொல்லிவைத்தோம். இப்போது அவன் இரவில் தூங்க மறுக்கிறான்.
– ஒரு ஆச்சி, கோட்டையூர்

அவன் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, ஆச்சி? தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. 'ஐயா இறந்துட்டாங்க. இறந்தா உடம்பு வேலை செய்யாது, மூச்சு இருக்காது, வலியும் இருக்காது. திரும்பி வர மாட்டாங்க. தூக்கம் வேற, இது வேற' என்று இன்றே சொல்லிவிடுங்கள். அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பான். பத்துத் தடவையும் அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள், ஆளுக்கொரு கதை வேண்டாம். 'நீயும் செத்துப்போயிடுவியா?' என்று கேட்டால், 'எல்லாரும் ஒருநாள் போவாங்க. நான் ரொம்ப நாள் இருப்பேன்னு நினைக்கிறேன். உன்னைப் பாத்துக்க எப்பவும் ஆள் இருக்கும்' என்பது போதும்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பெரிய வீடு, பங்காளிகள் பலருக்குப் பங்கு இருக்கிறது. அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 84 வயது. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் 'என்னைப் போகச் சொல்றியா?' என்கிறார். ஆத்தாவும் அபசகுனம் என்கிறார். நானும் விட்டுவிட்டேன், ஆனால் மனம் அதிலேயே நிற்கிறது.
– வாசகர், சிங்கப்பூரிலிருந்து

மனம் அதிலேயே நிற்பதால்தான் இந்தக் கேள்வி இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்பச்சியோடு வளவில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் நீங்கள் சாவிக்கொத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

'உங்களுக்குப் பிறகு' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பொருளைக் கேளுங்கள். 'இந்தப் பெட்டகம் யார் காலத்துல வந்தது? இந்த அண்டாவுல இருக்கிற விலாசம் யாருது?' நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயரெழுத்து வெட்டியிருக்கும். அதைப் படிக்கத் தொடங்கினால் அவரே சொல்லிக்கொண்டு போவார். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவதுதான் வேலை. படைப்புக்குப் பங்காளிகள் கூடுகிற நாளை ஒட்டி ஆரம்பித்தால் இன்னும் எளிது. முன்னோருக்குப் புடவையும் வேட்டியும் வைத்துக் கும்பிடுகிற வீட்டில் அன்றைக்கு அந்தப் பேச்சு அபசகுனமாகப் படாது.

ஒரு நாளைக்கு ஒரு அறை, அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். 84 வயதில் களைப்பு வந்தால் எரிச்சல் வரும், மறுநாள் பேச்சே இருக்காது. ஒவ்வொரு சாவியிலும் எண் எழுதிய அட்டைத் துண்டைக் கட்டுங்கள். 'மூணாவது உள்வீடு' என்று இடத்தை எழுத வேண்டாம், சாவி தொலைந்தால் எடுத்தவனுக்கு வழி காட்டும். எண் மட்டும் சாவியில் இருக்கட்டும், விவரம் நோட்டில் இருக்கட்டும். நோட்டில் சாவி எண், எந்தப் பூட்டு, உள்ளே என்ன, யாருக்குப் பாத்தியம் என்று நான்கு பத்தி போடுங்கள். சண்டை எப்போதும் நான்காவது பத்தியில்தான் வரும். பொதுச் சாமான் எது, தன் பங்குச் சாமான் எது என்று அப்பச்சி வாயாலேயே சொன்னதை அவர் கையெழுத்தோடு வைத்துக்கொண்டால் பின்னால் பங்காளிகளிடம் பேச ஒரு பிடி இருக்கும்.

அடுத்தது வங்கி. வைப்புத்தொகைக்கும் லாக்கருக்கும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். வைப்புத்தொகைக்கு இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் கொடுக்கலாம், ஒருவருக்கு அடுத்து ஒருவர் என்றும் கொடுக்கலாம். லாக்கருக்கு இரண்டாவது முறை மட்டும்தான். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர், அவருக்கே அது சொந்தமாகிவிடாது. இதை நாமினியிடமும் சொல்லிவிடுங்கள். 10 வருடம் தொடாத கணக்குப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், உரியவர் கேட்டால் அப்போதும் திரும்பக் கிடைக்கும். பல வங்கிகளில் மறந்துபோன கணக்குகளை ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம்.

உயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் சின்னத் தப்புகள்தான் பெரிய வழக்காகின்றன. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். எழுதுகிறவர் இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் இருவரும் அவர் முன்னிலையில் போட வேண்டும். உள்ளே எழுதியிருப்பது சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் 80 வயதைத் தாண்டியவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது நல்லது. அதே நாளில் 'தெளிந்த மனநிலையில் இருக்கிறார்' என்று மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதான கூட்டாளிகளைச் சாட்சி போடுவது நம் பக்கத்து வழக்கம். சாட்சி முதலில் போய்விட்டால் நீதிமன்றத்தில் உயிலை நிரூபிப்பது திண்டாட்டம். எழுதுகிறவரைவிட வயதில் குறைந்த, சொத்தில் பங்கு இல்லாத இருவராகப் பாருங்கள். இன்னொரு தப்பு, பெரிய வீட்டையே எழுதிவைப்பது. தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. வங்கிக் கணக்கு எண்களை மட்டும் பட்டியலிட்டுவிட்டால், பிறகு திறந்த கணக்கு உயிலுக்கு வெளியே நிற்கும். 'மற்றுமுள்ள என் சொத்துகள் அனைத்தும்' இன்னாருக்கு என்று கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். எழுதி முடித்த உயிலைத் தன் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் வைப்பவர்களும் உண்டு. அதைத் திறக்கவே ஆவணம் கேட்பார்கள், அந்த ஆவணம் உள்ளே இருக்கும்.

இவ்வளவும் ஒரே மாதத்தில் முடியாது. நீங்கள் வருகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செய்தால் போதும். அரை மணி நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு அப்பச்சியோடு வேறு பேச்சுப் பேசுங்கள். அது முக்கியம். நோட்டு திறந்தே இருந்தால் அவர் உங்களைக் கணக்குப்பிள்ளையாகத்தான் பார்ப்பார்.

கடைசி நேரத்தில் வென்டிலேட்டரில் என்னை இழுத்துக்கொண்டு கிடக்க விடக் கூடாது. பிள்ளைகளிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். போதுமா?
– வாசகர், தேவகோட்டை

போதாது, ஐயா. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை 'விடுங்க' என்பான், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய இன்னொருவன் 'எல்லாம் பண்ணுங்க' என்பான். எழுத்தில் இருந்தால்தான் மருத்துவருக்கும் கை கொடுக்கும்.

முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். 'குணமாக வாய்ப்பில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம், டயாலிசிஸ், குழாய் வழி உணவு வேண்டாம். வலி தணிக்கும் சிகிச்சை வேண்டும்' என்று தெளிவாக எழுதுங்கள். 'அதிகமாக இழுக்க வேண்டாம்' என்ற மாதிரி எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. உங்களுக்காக முடிவு சொல்ல ஒருவருக்கு மேல் பெயர் கொடுங்கள். அவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்துக்கும் பிரதி போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

ஆவணம் இருந்தாலும் அந்த நிமிடமே கருவியை எடுத்துவிட மாட்டார்கள். மருத்துவமனையின் முதல் குழு பார்த்து, அடுத்து இரண்டாவது குழு பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகளுக்கு இதையும் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மருத்துவர் இழுத்தடிக்கிறார் என்று நினைப்பார்கள்.

ஆத்தாவுக்கு 88. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. சொந்தங்கள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுகிறார்கள். இரவெல்லாம் பயந்துகொண்டே மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆத்தாவோடு இருப்பது என்றால் என்ன செய்வது?
– அக்கா தங்கை இருவர், பள்ளத்தூர்

பால் ஊற்றுவதை நிறுத்துங்கள். விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும். பஞ்சைப் பாலில் தொட்டு உதட்டை மட்டும் நனைத்தால் முறையும் செய்தாயிற்று, ஆத்தாவுக்கும் தொந்தரவு இல்லை. ஒரு கிண்ணத்தில் பாலும் பஞ்சும் நீங்களே தயாராக வைத்து, வருகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று தடுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி எடுக்காது. சாப்பிடாததால் அவர் போகவில்லை, போய்க்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. வாய் உலர்வதுதான் உண்மையான தொல்லை. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை ஈரப் பஞ்சால் வாயைத் துடையுங்கள், உதட்டில் வெண்ணெய் தடவுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து முதுகுக்கும் முழங்காலுக்கு இடையிலும் தலையணை வையுங்கள். இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள், புண் அங்கேதான் தொடங்கும்.

மூச்சு வேகமாகி, தணிந்து, சில நொடி நின்று, மறுபடி வரும். இது இயல்பு. தொண்டையில் கரகரப்புச் சத்தம் பார்க்கிறவர்களுக்குத்தான் பயம், அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் குறையும். முனகலோ நெற்றிச் சுருக்கமோ இருந்தால் வலி என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்ஃபின் கொடுத்தால் 'முடித்துவிடுவார்கள்' என்ற பயம் வேண்டாம். சரியான அளவில் அது வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கும். மலச்சிக்கல் கண்டிப்பாக வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

இரவுக்கு இருவரும் 3 மணி நேரம் மாற்றி மாற்றி இருங்கள். விழித்திருப்பவர் மூச்சை எண்ண வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். காதருகில் நிதானமாகப் பேசலாம், பதில் இல்லாவிட்டாலும் கேட்கக் கூடும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். சொத்துப் பேச்சு அந்த அறையில் கூடாது. பார்க்க வருகிறவர்கள் இரண்டிரண்டு பேராக வரட்டும், மற்றவர்களுக்குக் காபியை முகப்பில் கொடுங்கள்.

மூச்சு நின்ற பிறகு அவசரம் ஒன்றும் இல்லை, உட்கார்ந்து அழலாம். கண் தானம் செய்வதாக இருந்தால் மட்டும் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 88 வயதோ கண்புரை அறுவையோ தடையில்லை. அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணை இன்றே சுவரில் எழுதி ஒட்டுங்கள். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு அடியில் தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள். கால் மணி, இருபது நிமிட வேலைதான், முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், அதுவரை கட்டணம் இல்லை.